நடக்காததை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: பாஸ்ட் கண்டிஷனல் முழுமையான வழிகாட்டி

"முன்பே சொல்லியிருந்தால் வந்திருப்பேனே!" தமிழில் இதைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் ஹேட், வுட், ஹேவ் மூன்றும் ஒன்றாக வாய்க்கு வந்து முட்டிக்கொள்கின்றன. சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்கூடப் பேச்சின் நடுவில் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சூத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது, பெரும்பாலான பாடங்கள் அதைச் சொல்வதில்லை. அங்கிருந்தே தொடங்குவோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: உண்மையில் என்ன நடந்தது?

பாஸ்ட் கண்டிஷனல், அதாவது 'அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்ற வகை வாக்கியத்தின் அடியில் பெரும்பாலும் இரண்டு உண்மைகள் கிடக்கும். ஒன்று காரணம், மற்றொன்று விளைவு. இரண்டும் நடந்து முடிந்தவை. முதலில் அவற்றைச் சாதாரண வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள்:

ஹி டிடன்ட் பேக் அப் த ஃபைல்ஸ். ஹி லாஸ்ட் தெம்.
(அவன் ஃபைல்களுக்கு பேக்கப் எடுக்கவில்லை. அவற்றை இழந்தான்.)

இப்போது இரண்டையும் புரட்டுங்கள். 'எடுக்கவில்லை' என்பது 'எடுத்திருந்தால்' ஆகிறது. 'இழந்தான்' என்பது 'இழந்திருக்க மாட்டான்' ஆகிறது.

இஃப் ஹி ஹேட் பேக்டு அப் த ஃபைல்ஸ், ஹி வுடன்ட் ஹேவ் லாஸ்ட் தெம்.

உண்மை வாக்கியத்தில் 'நாட்' இருந்தால் கண்டிஷனலில் அது போய்விடும். இல்லாவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். வாசிக்கும்போதும் இதே வழிதான், திசை மட்டும் எதிர். "இஃப் யூ ஹேடன்ட் கால்டு, ஐ வுட் ஹேவ் ஓவர்ஸ்லெப்ட்" என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் போன் செய்தீர்களா? செய்தீர்கள். அவர் தூங்கிப்போனாரா? இல்லை. தேர்வுகளில் இந்த வகை வாக்கியத்தைக் கொடுத்து "நடந்தது எது?" என்று கேட்பார்கள். ஹேடன்ட் என்பதைப் பார்த்ததும் 'போன் செய்யவில்லை' என்று குறித்துவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

படி 2: 'இஃப்' பக்கம்

இஃப், எழுவாய், ஹேட், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். வகுப்பில் வி3 என்று சொல்வது இதைத்தான். ஏன் ஹேட் என்று புரிந்துகொண்டால் மறக்காது. உண்மைக்குப் புறம்பான ஒன்றைச் சொல்லும்போது ஆங்கிலம் வினையின் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளும். இன்றைய கற்பனைக்குக் கடந்தகால வடிவம் போதும்: "இஃப் ஐ நியூ ஹிஸ் நம்பர், ஐ வுட் கால் ஹிம்." இப்போது நம்பர் தெரியாது, அதனால் அழைக்கவில்லை. பேச்சு நேற்றையதாக இருந்தால் அது ஏற்கனவே கடந்தகாலம். அங்கிருந்தும் ஒரு படி பின்னால் போக வேண்டும், அங்கே இருப்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேட் உடன் வி3: "இஃப் ஐ ஹேட் நோன் ஹிஸ் நம்பர், ஐ வுட் ஹேவ் கால்டு ஹிம்."

இதனால்தான் சில நேரம் 'ஹேட் ஹேட்' என்று இரட்டையாக வருகிறது. "இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கான்." முதல் ஹேட் காலத்தைக் காட்டும் துணைவினை, இரண்டாவது 'இருந்தது' என்ற பொருளுள்ள முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். தட்டச்சுப் பிழையோ என்று பயந்து ஒன்றை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் வாக்கியம் நேற்றிலிருந்து நழுவி, இன்றைய நிலையையோ பொதுவான நிலையையோ குறிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் வடிவத்தில் தவறுகிறவர்கள் அதிகம். ஹேட் வென்ட், ஹேட் கேம், ஹேட் ஸா, ஹேட் ரோட், ஹேட் டுக் எல்லாம் தவறு. கான், கம், ஸீன், ரிட்டன், டேக்கன் என்றுதான் வர வேண்டும். பிகன், டிரங்க், ஈட்டன், ஸ்போக்கன், கிவன் ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்த்து, ஹேட் உடனேயே சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். தனித்தனியாக மூன்று வடிவங்களை ஒப்பிப்பதைவிட 'ஹேட் கான், ஹேட் ஸீன், ஹேட் டேக்கன்' என்று ஜோடியாகச் சொல்வது பேச்சில் சட்டென்று கைகொடுக்கும்.

செயப்பாட்டு வினையானால் நடுவில் பீன் சேரும்: "இஃப் த டோர் ஹேட் பீன் லாக்டு..." (கதவு பூட்டப்பட்டிருந்தால்). தொடர்ந்து நடந்துகொண்டிருந்த செயலானால் பீன் உடன் 'இங்' வடிவம்: "இஃப் ஐ ஹேட் பீன் லிஸனிங்..." (கவனித்துக்கொண்டிருந்திருந்தால்).

படி 3: விளைவுப் பக்கம்

வுட், ஹேவ், வி3. எழுவாய் யாராக இருந்தாலும் ஹேவ் மாறாது. 'ஷி வுட் ஹேஸ்' கிடையாது. 'வுட் ஹேட்' என்பதும் கிடையாது. வுட் போன்ற மோடல் சொற்களுக்கு அடுத்து வரும் வினை எப்போதும் மூல வடிவத்தில்தான் நிற்கும், ஹேவ் என்பது அந்த மூல வடிவம்.

வுட் இருக்கும் இடத்தில் குட், மைட் இரண்டும் வரலாம். எது வேண்டும் என்பதை உங்கள் உறுதி தீர்மானிக்கும். "ஷி வுட் ஹேவ் வன்" என்றால் நிச்சயம் ஜெயித்திருப்பாள் என்கிறீர்கள். "ஷி குட் ஹேவ் வன்" என்றால் ஜெயிக்கும் வாய்ப்போ திறமையோ இருந்தது. "ஷி மைட் ஹேவ் வன்" என்றால் ஒருவேளை ஜெயித்திருக்கலாம், உறுதியில்லை. பழக்கத்தில் எல்லா இடத்திலும் வுட் போடுகிறவர்கள், தங்களுக்கே தெரியாமல், நினைத்ததைவிட அழுத்தமாகப் பேசிவிடுகிறார்கள். அலுவலக மெயிலில் "யுவர் டீம் வுட் ஹேவ் ஃபெயில்டு" என்பதும் "யுவர் டீம் மைட் ஹேவ் ஃபெயில்டு" என்பதும் படிக்கிறவர் மனதில் ஒரே மாதிரி விழாது.

மே ஹேவ் என்பதை இந்த இடத்தில் தவிர்ப்பது நல்லது. "ஹி மே ஹேவ் டிரவுன்ட்" என்றால் அவன் மூழ்கினானா இல்லையா என்று நமக்கு இன்னும் தெரியாது. பிழைத்துக் கரையேறியவனைப் பற்றிப் பேசும்போது "ஹி மைட் ஹேவ் டிரவுன்ட்" தான் சரி.

கேள்வியில் வுட் எழுவாய்க்கு முன்னால் தாவும், ஹேவ் இருந்த இடத்திலேயே இருக்கும்: "வாட் வுட் யூ ஹேவ் டன்?" 'வாட் யூ வுட் ஹேவ் டன்?' என்று தனிக் கேள்வியாகக் கேட்பது நம் பேச்சில் அடிக்கடி விழும் பிழை.

படி 4: விளைவு அன்றைக்கா, இன்றைக்கா?

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும், நிஜப் பேச்சு நிற்காது. காரணம் நேற்று நடந்து, விளைவு இன்றுவரை நீடித்தால் விளைவுப் பக்கம் வுட் உடன் வினையின் மூல வடிவம் மட்டும் வரும். பேக்கப் எடுக்காதவனையே எடுத்துக்கொள்வோம்.

இஃப் ஹி ஹேட் பேக்டு அப் த ஃபைல்ஸ், ஹி வுட் ஹேவ் தெம் நவ்.

இதில் 'வுட் ஹேவ்' இருக்கிறதே, அப்படியானால் கடந்தகாலமா? இல்லை. ஹேவ் என்பதற்கு அடுத்து வந்திருப்பது தெம், அது வினையல்ல. எனவே இந்த ஹேவ் 'கைவசம் இருக்கும்' என்ற பொருளுள்ள முதன்மை வினை. வாக்கியம் இன்றைய நிலையைச் சொல்கிறது. 'அன்றைக்கு மீட்டிங்கில் அவன் கையில் இருந்திருக்கும்' என்று சொல்ல வேண்டுமானால் "ஹி வுட் ஹேவ் ஹேட் தெம் அட் த மீட்டிங்" என்று வரும். வுட் ஹேவ் கண்ணில் பட்டவுடன் அடுத்த சொல்லைப் பாருங்கள்: வி3 வந்தால் கடந்தகாலம், பெயர்ச்சொல்லோ பிரதிப்பெயரோ வந்தால் இன்று.

எதிர்த்திசைக் கலப்பும் உண்டு. காரணம் ஒருவருடைய நிரந்தர இயல்பு, விளைவு மட்டும் நேற்றையது என்றால்: "இஃப் ஹி வேர் மோர் கேர்ஃபுல், ஹி வுட் ஹேவ் பேக்டு தெம் அப்." அவன் அன்றும் கவனமற்றவன், இன்றும் அப்படித்தான். இங்கே ஹேட் பீன் போட்டால் அந்த ஒரு நாள் மட்டும் கவனமில்லாமல் இருந்தான் என்ற சாயல் வரும். ஒருவருடைய குணத்தைச் சொல்கிறீர்களா, அன்றைய நடத்தையைச் சொல்கிறீர்களா என்பது இந்த ஒரு வினையில் தெரிந்துவிடும்.

தமிழ் வடிவம் காலை வாரும் இடங்கள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவதில் தப்பில்லை. ஆனால் நம் 'இருந்தால்', 'இருப்பான்', 'இருக்கலாம்' ஒவ்வொன்றும் இரண்டு வேலை பார்க்கின்றன. ஆங்கிலம் அந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறது.

'அவன் வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பது கற்பனை, அவன் வரவில்லை. 'அவன் வந்திருந்தால் உள்ளே அனுப்பு' என்பது கற்பனையல்ல. வந்தானா என்று தெரியாது, அவ்வளவுதான். முதலாவதற்கு "இஃப் ஹி ஹேட் கம், ஐ வுட் ஹேவ் ஸீன் ஹிம்". இரண்டாவதற்கு "இஃப் ஹி ஹேஸ் கம், ஸெண்ட் ஹிம் இன்". இரண்டாவதிலும் ஹேட் போட்டால் கேட்பவருக்குத் தலையும் வாலும் புரியாது.

இதைவிடப் பெரிய பள்ளம் 'இருப்பான்'. 'அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்' என்ற நம் ஊகத்தை "ஹி வுட் ஹேவ் ரீச்டு ஹோம் பை நவ்" என்று மொழிபெயர்க்கிறோம். தமிழ் பேசுபவர்களிடையே அது ஓடிவிடும். மற்றவர் காதுக்கோ அது பாதி வாக்கியமாகப் படலாம்: போயிருப்பான், ஆனால்...? ஏதோ தடுத்துவிட்டது போலும் என்று 'பட்' வரக் காத்திருக்கக்கூடும். ஊகம் என்றால் "ஹி மஸ்ட் ஹேவ் ரீச்டு ஹோம் பை நவ்" அல்லது "ஹி வில் ஹேவ் ரீச்டு" என்று சொல்லுங்கள். நடக்காமல் போனதற்கு மட்டும் வுட் ஹேவ் என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது இடங்களில் தப்பாது.

'இருக்கலாம்' என்பதும் அப்படித்தான். 'நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்' என்பது குறை சொல்வது: "யூ குட் ஹேவ் டோல்ட் மி." 'அவன் மறந்திருக்கலாம்' என்பது ஊகம்: "ஹி மே ஹேவ் ஃபர்காட்டன்" அல்லது "மைட் ஹேவ்". 'இருக்க வேண்டும்' என்றால் கடமை தவறியதற்கு ஷுட் ஹேவ், உறுதியான ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ். 'நீ கேட்டிருக்க வேண்டும்' என்று திட்டினால் "யூ ஷுட் ஹேவ் ஆஸ்க்டு". 'யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும்' என்று ஊகித்தால் "ஸம்ஒன் மஸ்ட் ஹேவ் ஓபன்ட் த டோர்". மாற்றிப் போட்டால், ஊகிக்க நினைத்த இடத்தில் குற்றம் சாட்டிவிடுவீர்கள்.

இஃப் பக்கத்தில் வுட் வேண்டாம்

"இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று அமெரிக்கப் பேச்சில் தாராளமாகக் கேட்கலாம். அதற்காக எழுத்தில் அதை ஏற்கமாட்டார்கள். தேர்வில் நிச்சயம் பிழை. இஃப் பக்கம் ஹேட், விளைவுப் பக்கம் வுட். இஃப் பக்கம் வாக்கியத்தின் பின்பாதியில் வந்தாலும் இதே விதி: "ஐ வுட் ஹேவ் வெய்ட்டட் இஃப் ஐ ஹேட் நோன்." இஃப் முன்னால் வந்தால் நடுவில் கமா, பின்னால் வந்தால் பொதுவாகக் கமா இல்லை. "இஃப் யூ வுட் ஸைன் ஹியர்" போன்ற மரியாதைக் கோரிக்கைகளில் வுட் வரும், அது வேறு சங்கதி.

அன்லெஸ் என்பதை 'இஃப் நாட்' என்று படித்திருப்போம். கடந்தகாலக் கற்பனையில் அந்தச் சமன்பாடு பெரும்பாலும் உடையும். 'டாக்டர் வராமல் இருந்திருந்தால் இறந்திருப்பாள்' என்பதற்கு "ஷி வுட் ஹேவ் டைட் இஃப் த டாக்டர் ஹேடன்ட் கம்" என்றே சொல்லுங்கள்; அங்கே அன்லெஸ் பொருந்தாது.

சுருக்கிப் பேசும்போது

பேச்சில் ஹேட், வுட் இரண்டுமே 'ட்' என்று தேய்ந்துவிடும். ஐ'ட், ஹி'ட், தே'ட் எல்லாம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது: அடுத்து வி3 வந்தால் ஹேட், மூல வடிவமோ ஹேவ் என்ற சொல்லோ வந்தால் வுட். "இஃப் ஐ'ட் நோன், ஐ'ட் ஹேவ் கம்" என்ற வாக்கியத்தில் முதலாவது ஹேட், இரண்டாவது வுட்.

வுட் ஹேவ் இன்னும் தேய்ந்து 'வுடவ்' என்று ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டு ஹேவ் இருக்கும் இடத்தில் 'ஆஃப்' என்ற முன்னிடைச்சொல்லை எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே பரவலாக இருக்கும் பிழை. சமூக வலைதளங்களில் பார்த்துப் பழகி நாமும் எழுதிவிடக் கூடாது. பேசும்போது ஹேவ் மீது அழுத்தம் தர வேண்டாம். அழுத்தம் வி3 மீது விழட்டும்.

இஃப் இல்லாமலும் சொல்லலாம்

இஃப் எடுத்துவிட்டு ஹேட் என்பதை முன்னால் கொண்டுவரலாம்: "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் வெய்ட்டட்." கடிதம், கட்டுரை, அறிக்கைக்கு இது கம்பீரம், நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். எதிர்மறையில் நாட் தனியே நிற்க வேண்டும்: "ஹேட் இட் நாட் ரெய்ன்ட்". 'ஹேடன்ட் இட் ரெய்ன்ட்' என்று சுருக்கக் கூடாது.

காரணம் ஒரு பெயர்ச்சொல்லில் அடங்குமானால் பட் ஃபார் அல்லது வித்அவுட் போதும்: "பட் ஃபார் யுவர் ஹெல்ப், வி வுட் ஹேவ் லாஸ்ட்." இதன் பேச்சு வடிவம் "இஃப் இட் ஹேடன்ட் பீன் ஃபார் யுவர் ஹெல்ப்". உண்மையை அப்படியே சொல்லிவிட்டு 'இல்லாவிட்டால்' என்று தொடர அதர்வைஸ்: "ஐ வாஸ் இல், அதர்வைஸ் ஐ வுட் ஹேவ் கம்."

வருத்தம் சொல்ல விஷ், இஃப் ஒன்லி இரண்டுக்கும் பின்னால் ஹேட், வி3: "ஐ விஷ் ஐ ஹேட் லிஸன்ட் டு ஹர்." இங்கும் வுட் ஹேவ் நுழையப் பார்க்கும், விடாதீர்கள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது இந்த வாக்கியங்களின் வினை மாறாது. ஏற்கனவே போக முடிந்த தூரம் பின்னால் போய்விட்டது. "ஹி செட் ஹி வுட் ஹேவ் கம் இஃப் ஹி ஹேட் நோன்." பிரதிப்பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஏமாற்றும் வாக்கியங்கள்

"இஃப் இட் ரெய்ன்ட், வி வுட் ப்ளே இன்டோர்ஸ்." சிறுவயது நினைவுகளைச் சொல்லும் பத்தியில் இது வந்தால் கற்பனையே இல்லை. மழை பெய்யும் போதெல்லாம் உள்ளே விளையாடுவோம் என்ற பழைய வழக்கம் அது. வுட் இங்கே 'வழக்கமாகச் செய்வோம்' என்ற பொருளில் நிற்கிறது. ஹேட், ஹேவ் இரண்டுமே இல்லாதது முதல் அடையாளம். மீதியைச் சுற்றியுள்ள வாக்கியங்கள் சொல்லும்.

இன்னொன்று நுட்பமானது. காலைப் பரிசோதிக்கும் மருத்துவர் "இஃப் ஹி ஹேட் ப்ரோக்கன் த போன், இட் வுட் ஹேவ் ஸ்வோலன் எக்ஸாக்ட்லி லைக் திஸ்" என்கிறார். எலும்பு உடைந்திருந்தால் இப்படியேதான் வீங்கியிருக்கும். வீக்கம் கண்முன்னால் இருக்கிறது, ஆகவே விளைவு பொய்யில்லை. எலும்பு உடைந்திருக்கவும் கூடும். படி 1-இல் சொன்ன புரட்டும் விதி பெரும்பாலான இடங்களில் செல்லும், இப்படித் தடயத்திலிருந்து காரணத்தைத் தேடும் பேச்சில் செல்லாது. 'எக்ஸாக்ட்லி', 'ஜஸ்ட் லைக் திஸ்' போன்ற சொற்கள் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

பயிற்சி

கீழே நான்கு உண்மைகள். விடையை மறைத்துக்கொண்டு புரட்டிப் பாருங்கள்.

1. ஷி டிடன்ட் ரீட் த லேபிள், ஸோ ஷி டுக் த ராங் மெடிசின்.
2. தே ஸோல்ட் த ஹவுஸ். தே ஆர் லிவிங் இன் எ ரென்டட் ப்ளேஸ் நவ்.
3. ஐ டோன்ட் ஸ்பீக் ஃப்ரெஞ்ச், ஸோ ஐ டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட் த ஃபிலிம்.
4. த பிரேக்ஸ் வேர் செக்டு, ஸோ நோபடி வாஸ் ஹர்ட்.

விடைகள்:

1. இஃப் ஷி ஹேட் ரெட் த லேபிள், ஷி வுடன்ட் ஹேவ் டேக்கன் த ராங் மெடிசின். ரீட் என்பதன் மூன்றாம் வடிவம் எழுத்தில் மாறாது, உச்சரிப்பு மட்டும் 'ரெட்'.

2. இஃப் தே ஹேடன்ட் ஸோல்ட் த ஹவுஸ், தே வுடன்ட் பி லிவிங் இன் எ ரென்டட் ப்ளேஸ் நவ். விளைவு இன்றைக்கு, அதனால் ஹேவ் இல்லை.

3. இஃப் ஐ ஸ்போக் ஃப்ரெஞ்ச், ஐ வுட் ஹேவ் அண்டர்ஸ்டுட் த ஃபிலிம். மொழி தெரியாதது இன்றும் தொடர்கிறது. 'ஹேட் ஸ்போக்கன்' போட்டால் தவறில்லை, ஆனால் பேச்சு அன்றைய நிலையோடு நின்றுவிடும்.

4. இஃப் த பிரேக்ஸ் ஹேடன்ட் பீன் செக்டு, ஸம்படி மைட் ஹேவ் பீன் ஹர்ட். நோபடி புரண்டு ஸம்படி ஆகிவிட்டது. விபத்து நடந்தே தீரும் என்று சொல்ல முடியாது என்பதால் மைட். பிரேக் அடியோடு பழுதாகியிருந்தது பிறகு தெரிந்தது என்றால் வுட் போடலாம்.